பேனைக் குழாய், சேவல் இறகு, விரால்

ஆங்கிலத்தில் இதற்கு டியூப் ஃப்ளை என்று பெயர். அப்படியே தமிழாக்கினால் 'குழல் ஈ'. வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தபோது எங்களுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஈ என்றால் எங்கட பக்கத்தில் கருவாட்டில் மொய்க்கிறது. இதுவோ ஈயைப் போல இருக்கிறதே இல்லை. தண்ணீருக்குள் போட்டு இழுத்தால் சின்ன மீன் போலவோ இறால் போலவோ நெளியும். 'குழாய்ப் பூச்சி', 'இறகுத் தூண்டில்' என்று ஒரு கிழமையாகப் பெயர் தேடிக்கொண்டிருந்தோம். கடைசியில் எங்களோடு படிக்கிற மருதமுனைக்காரி ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது சாரிக் குஞ்சம்தானே, இதுக்கென்ன இவ்வளவு ஆராய்ச்சி?" என்றாள். அன்றோடு அது குஞ்சம் ஆனது. இந்தக் கட்டுரை முழுக்க குஞ்சம் என்றே எழுதப்போகிறோம்.

நாங்கள் என்றால் மூன்று பேர். மூன்று பேரும் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கலைப் பிரிவு. ஒருவன் வீரமுனை, ஒருவன் சம்மாந்துறை, ஒருத்தி மருதமுனை. வீரமுனையும் சம்மாந்துறையும் ஒட்டிக் கிடக்கிற ஊர்கள். ஒன்று எங்கே முடிந்து மற்றது எங்கே தொடங்குகிறது என்று வெளியூர்க்காரருக்குத் தெரியாது. ஊர்க்காரருக்கு அடிக்கணக்கில் தெரியும். இரண்டு ஊருக்கும் பொதுவாகக் கிடப்பது வட்டை. கண்ணுக்கெட்டிய தூரம் வயல், அதற்குள் வாய்க்கால், வாய்க்காலுக்குள் கல்லோயாத் தண்ணீர், தண்ணீருக்குள் விரால்.

குஞ்சத்தின் சூத்திரம் சின்னதுதான். வழமையாக இறகையும் மயிரையும் நேராகக் கொளுக்கியிலேயே கட்டுவார்கள். கொளுக்கி கூர் மழுங்கினால், துருப்பிடித்தால், கட்டியது முழுக்கக் குப்பைக்குத்தான். குஞ்சத்தில் இறகைக் கொளுக்கியில் கட்டுவதில்லை, ஒரு சின்னக் குழாயில் கட்டுகிறோம். தங்கூசியைக் குழாய்க்குள்ளால் ஓட்டி, மறுபக்கம் வந்த நுனியில் கொளுக்கியைக் கட்டி, மெதுவாக இழுத்தால் கொளுக்கி குழாயின் வாலில் வந்து பொருந்தி நிற்கும். மீன் கடித்து இழுக்கும்போது கொளுக்கி குழாயிலிருந்து கழன்று மீனின் வாயோடு நிற்க, குஞ்சம் தங்கூசியில் மேலே சறுக்கிப் போய்விடும். இதனால் மூன்று நன்மை. மீன் தலையை உதறும்போது நீளமான ஒரு சாமானைப் பிடித்து நெம்ப முடியாது, அதனால் கொளுக்கி கழருவது குறைவு. விராலின் பல் இறகைச் சப்பாது, அரை மணித்தியாலம் இருந்து கட்டின வேலை தப்பும். கொளுக்கி கெட்டுப்போனால் கொளுக்கியை மட்டும் மாற்றினால் சரி. 2022க்குப் பிறகு கடையில் எந்தச் சாமானின் விலையைக் கேட்டாலும் நெஞ்சு அடைக்கிற நாட்டில் இந்த மூன்றாவது நன்மைதான் எங்களை இழுத்தது என்று சொல்லவேண்டும்.

இதைக் கண்டுபிடித்த கதை ஸ்கொட்லாந்தில் நடக்கிறது. 1945 அளவில், அபர்டீன் நகரில் தூண்டில் சாமான் விற்ற சார்ள்ஸ் பிளேஃபெயார் என்ற கம்பனியில், இறகு கட்டும் வேலை செய்த ஒரு பெண்தான் முதலில் வான்கோழி இறகின் பொள்ளலான காம்பில் கட்டினார் என்று சொல்கிறார்கள். பிறகு ஆஸ்பத்திரிக் குழாய்க்கு மாறினார்களாம். பெரிய பெரிய பிரபுக்கள் ஆற்றில் இறங்கி நின்று சமன் மீன் பிடிக்க, கடைக்குள் குந்தியிருந்து சம்பளத்துக்கு இறகு கட்டிய ஒரு பெண்ணின் கைவேலை இது. அந்த சமன் மீனை நாங்கள் கண்டதில்லை. எங்களுக்கு சமன் என்றால் டின். உள்ளே இருக்கிறது சமனும் இல்லை என்பது வேறு கதை.

இலங்கைக்கும் இந்த இறகுத் தூண்டில் புதிதில்லை. 1880களில் வெள்ளைக்காரத் துரைமார் தங்கட நாட்டு ட்ரவுட் மீனின் முட்டைகளைக் கப்பலில் கொண்டுவந்து நுவரெலியாப் பக்கத்து ஆறுகளில் வளர்த்தார்கள். தேயிலைத் தோட்டத்தில் ஆட்களை வேலைக்கு விட்டுவிட்டு, குளிர் ஆற்றில் இறகு எறிந்து பொழுது போக்கினார்கள். அதனால்தான் இந்தச் சாமானைப் பற்றிக் கதைத்தால் எங்கட நண்பர்கள், "அது காசுக்காரன்ர விளையாட்டு மச்சான்" என்கிறார்கள். இணையத்தில் பார்க்கிற வீடியோக்களும் அப்படித்தான். வெள்ளிபோல் மின்னும் இடுக்கி, மரத்தட்டில் அடுக்கின நிறம் நிறமான இறகுப் பக்கற்றுகள், இடுப்பு வரைக்கும் இறப்பர் காற்சட்டை. பார்த்தால் மூடிவைத்துவிட்டுப் போகத்தான் தோன்றும்.

எங்களை மூடிவைக்க விடாமல் செய்தவர் சாய்ந்தமருதில் ஒரு பெரியவர், சம்மாந்துறை நண்பனின் தூரத்து உறவு. பல நாள் படகில் போய் வருகிறவர். பெட்டியைத் திறந்து, சூரைக்கு இழுக்கிற தூண்டிலைக் காட்டினார். வள்ளம் ஓடும்போது பின்னால் நீளத் தங்கூசியில் இழுபட்டு வருகிற சாமான். வெள்ளைச் சேவல் இறகும், கீலம் கீலமாக வெட்டின மினுங்கல் பிளாஸ்டிக்கும், தலைக்கு ஓட்டை போட்ட ஒரு ஈயக்கட்டி. அந்த ஓட்டைக்குள்ளால் தங்கூசி ஓடுகிறது, நுனியில் கொளுக்கி. ஸ்கொட்லாந்துப் பெண் கட்டின அதே சூத்திரம்! யாரிடம் படித்தீர்கள் என்று கேட்டோம். "இதையும் ஒருத்தன் படிப்பிக்கணுமா? வாப்பா கட்டுவாரு, பாத்துக்கிட்டு இருந்தன்" என்றார். அவர் அதற்குப் பெயர் ஒன்றும் வைத்திருக்கவில்லை. 'இறகு' என்று மட்டும் சொன்னார்.

இனிச் சாமான்கள். குழாய்க்குப் பேனைதான் சரி. எழுதி முடிந்த சூட்டிப் பேனையின் உள்ளே மை நிற்கிற குழாயை எடுத்து, முனையைக் கழற்றிவிட்டு, ஸ்பிரிட் ஊற்றி ஊசிச் சிறிஞ்சால் தள்ளினால் மை வந்துவிடும். கலைப் பீடத்தில் இதற்குப் பஞ்சமே இல்லை. பரீட்சை முடிந்த அன்று மண்டப வாசலில் நின்றால் ஒரு வருசத்துக்குக் குஞ்சம் கட்டலாம். காதுக்குப் போடுகிற பஞ்சுக் குச்சியின் பிளாஸ்டிக் தண்டும் நல்லது என்று வெளிநாட்டுக்காரர் சொல்வார்கள். ஆனால் 2021 மார்ச் 31இலிருந்து பிளாஸ்டிக் தண்டுப் பஞ்சுக் குச்சி இலங்கையில் தடை. இப்போது வருகிறது கடதாசித் தண்டு, தண்ணீரில் ஊறிச் சொதசொதக்கும். தடை நல்லதுதான், குறை சொல்லவில்லை. பாரம் வேண்டுமென்றால் பழைய ரேடியோவின் நீட்டி மடக்கும் அன்ரெனாவில் மெல்லிய துண்டை அறுத்து எடுக்கலாம். பித்தளைக் குழாய், நல்ல பாரம். வீரமுனை வீட்டில் தாத்தாவின் ரேடியோ ஒன்று பேசாமல் பத்து வருசமாகக் கிடந்தது. அதன் அன்ரெனா இப்போது வாய்க்காலின் அடியில் நீந்துகிறது.

இறகு வீட்டுச் சேவலில் இருந்து. கழுத்தில் இருக்கிற ஒடுங்கின, மினுக்கமான இறகும், முதுகுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் தொங்குகிற நீள இறகும்தான் வேண்டும். செட்டை இறகு விறைப்பு, தண்ணீருக்குள் நெளியாது. மயிருக்கு ஆட்டு வால். ஹஜ்ஜுப் பெருநாளைக்கு உழ்ஹிய்யா கொடுத்த ஆட்டின் வாலைச் சம்மாந்துறை நண்பன் உப்புப் போட்டுக் காயவைத்து, சவர்க்காரத்தில் கழுவி, பத்திரிகையில் சுற்றிக் கொண்டுவந்தான். அவன் உம்மா, "படிக்கிற புள்ளைக்கு ஆட்டுவால் என்னத்துக்கு?" என்று கேட்டதற்கு, கம்பஸில் ஒரு ஆய்வு என்று சொல்லியிருக்கிறான். பொய் என்றும் சொல்ல முடியாது. நூலும் சரிகையும் மருதமுனைத் தறியில் மிச்சப்பட்டது. மருதமுனை என்றால் கைத்தறி, அதிலும் சாறனும் சாரியும். தறியிலிருந்து அறுபட்டு விழுகிற முழ நீள நூல் வீசுகிறதுக்குத்தான் இருக்கும். எங்களுக்கோ முழ நீளமே மிச்சம். ஒட்டுகிறதுக்குக் கியூட்டெக்ஸ்.

கடையில் காசு கொடுத்து வாங்கினது கொளுக்கியும் தங்கூசியும் மட்டும்தான்.

கட்டுகிறதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம், ஏனென்றால் வீடியோவில் இந்த இடங்களை வேகமாக ஓட்டிவிடுவார்கள். இடுக்கி தேவையில்லை. நெல்லுச் சாக்குத் தைக்கிற ஊசி போகப்போக ஒடுங்கி வரும். அதில் குழாயை இறுக்கமாகச் செருகி, ஊசியின் அடியைக் குறட்டால் பிடித்து, குறட்டின் கைபிடியை இறப்பர் வளையத்தால் இறுக்கிவிட்டு, குறட்டை இரண்டு புத்தகத்துக்கு நடுவில் வைத்தால் ஆடாது. குழாய் ஒன்றரை அங்குலம் போதும். அதன் தலைப்பக்க விளிம்பை லைற்றர் நெருப்புக்குக் கிட்ட, தொடாமல் காட்டினால் பிளாஸ்டிக் உருகி வெளியே மடிந்து ஒரு உதடு மாதிரி வரும். அந்த உதடு முக்கியம். அது இல்லாவிட்டால் மீன் இழுக்கிற இழுவையில் கட்டெல்லாம் முன்னால் வழுக்கிக் கழன்றுவிடும். உதட்டால் குழாயின் ஓட்டை அடைபடாமல் இருக்க, சூடாக இருக்கும்போதே ஊசியைச் சுழற்றிவிட வேண்டும்.

பிறகு உதட்டுக்குப் பின்னால் நூலை நெருக்கமாகச் சுற்றி ஒரு தளம் போடுவது. வெறும் பிளாஸ்டிக்கில் மயிர் நிற்காது, நூலின் மேல்தான் நிற்கும். அதில் ஆட்டு மயிர் ஒரு சிட்டிகை. இருபது, முப்பது மயிருக்கு மேல் வேண்டாம். புதிதாகக் கட்டுகிற யாருக்கும் கை அள்ளி வைக்கத்தான் சொல்லும், ஆனால் தண்ணீருக்குள் பார்த்தால் தும்புத்தடி மாதிரித்தான் இருக்கும். மெல்லிதாக இருந்தால்தான் தண்ணீர் நடுவால் போய் மயிரை உயிர்போல ஆட்டும். மயிர் குழாயைத் தாண்டிக் கொளுக்கியின் வளைவு வரைக்கும் போகவேண்டும். அதற்கு மேல் நாலு சரிகை நூல். பிறகு சேவலின் கழுத்து இறகை நுனிப் பக்கமாகக் கட்டி, தண்டைப் பிடித்து மூன்று நாலு சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் தும்புகளைப் பின்னால் தடவிக்கொடுத்தால் குடை மாதிரி விரியும். தலைக்கு நூல் சுற்றி, முடிச்சுப் போட்டு, கியூட்டெக்ஸ் இரண்டு பூச்சு. வால் பக்கம் சைக்கிள் டியூப்பின் காற்றுவாய்க்குப் போடுகிற சின்ன இறப்பர் குழாயில் ஒரு சென்ரிமீற்றர் வெட்டி, பாதியைப் பேனைக் குழாயில் மாட்டிவிட வேண்டும். மிச்சப் பாதிக்குள் கொளுக்கியின் கண் போய் உட்காரும். அந்தப் பிடி இறுக்கமாக இருந்தால் குஞ்சம் சறுக்காது, தளர்வாக இருந்தால் எறியும்போதே கொளுக்கி தொங்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது, அதைக் கைதான் கண்டுபிடிக்கும். கொளுக்கி குட்டைக் காம்பாக இருக்கட்டும். எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறோம்.

இன்னொரு வகையும் உண்டு. அறுந்த செருப்பின் ஸ்பொஞ்சில் அன்ரெனாத் துண்டைச் சூடாக்கிக் குத்தினால் அழகான உருளை ஒன்று வரும். அதைக் குழாயின் தலையில் செருகினால் குஞ்சம் மிதக்கும். இழுக்கும்போது 'பளக், பளக்' என்று தவளை மாதிரிச் சத்தம். விராலுக்கு இதைவிட வேறு வேண்டாம்.

எறிவது எப்படி என்பதுதான் எல்லாரும் கேட்கிற கேள்வி. வெள்ளைக்காரர் முறையில் தங்கூசிக்குப் பதிலாகப் பாரமான தடித்த நூல் இருக்கும். அந்த நூலின் பாரம்தான் இறகைத் தூக்கிக்கொண்டு போகும். அதற்கென்று நீளமான தடியும் வேறு ரீலும் வேண்டும், அதற்கு எங்களிடம் காசு இல்லை. வாய்க்காலுக்கு அது தேவையும் இல்லை. பன்னிரண்டு அடி மூங்கிலில் பன்னிரண்டு அடி தங்கூசி கட்டி, தாமரை இலைகளுக்கு நடுவில் இருக்கிற ஓட்டைகளில் குஞ்சத்தை இறக்கி ஏற்றினால் போதும். சாதாரண ரீல் தடி இருந்தால், உள்ளே தண்ணீர் நிரப்பக்கூடிய பிளாஸ்டிக் மிதவை ஒன்றை மூன்றடி முன்னால் கட்டி எறியலாம், பாரத்தை மிதவை தரும். அன்ரெனாக் குஞ்சம் தன் பாரத்திலேயே போகும்.

இனி விரால். அதற்குப் பூவோடு சேர்த்து மூச்சுக்கு இன்னொரு உறுப்பும் உண்டு. செவுளோடு சேர்த்துத்தான் அது. வெளிக்காற்றை அதால் குடிக்கும். காற்றைக் குடிக்க மேலே வந்தே ஆகவேண்டும். வாய்க்காலோரம் அசையாமல் குந்தியிருந்தால் 'ப்ளுக்' என்று ஒரு சின்னச் சத்தம், ஒரு வளையம். அங்கேதான் அது இருக்கிறது. வாய்க்கால் பூட்டி, தண்ணீர் வற்றிக் குட்டை குட்டையாகத் தேங்கும்போது மற்ற மீன் எல்லாம் செத்து மிதக்க, விரால் சேற்றுக்குள் கிடந்து தப்பும். கடிக்கிறது என்றால் இரண்டு மனது கிடையாது. தண்ணீர் வெடிக்கும். கை விறைத்துப்போகும். அந்த ஒரு கணத்துக்காகத்தான் இவ்வளவும்.

மாரி மழை விழுந்து வயலெல்லாம் தண்ணீர் நிற்கிற காலத்தில் இன்னொன்றைக் காணலாம். தண்ணீரின் மேலே கைவிரித்த அளவில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு புகை மாதிரி ஏதோ கொதிக்கும். கிட்டப் போய்ப் பார்த்தால் நூற்றுக்கணக்கான விரால் குஞ்சு. எல்லாம் ஒன்றாக மேலே வந்து காற்றுக் குடித்துவிட்டு ஒன்றாகக் கீழே போகும். கீழே தாயோ தகப்பனோ நிற்கும். அந்தக் கூட்டத்துக்கு நடுவால் எதை இழுத்தாலும் பெரியது அடிக்கும். பசியில் அடிக்கிறதில்லை, குஞ்சைக் காக்க அடிக்கிறது. தூண்டிலில் இதைவிட லேசான மீன் கிடையாது. நாள் முழுக்கக் காத்திருந்து வெறுங்கையோடு போகிற நேரத்தில் அந்தச் செம்மஞ்சள் புகை கண்ணில் பட்டால் எந்தக் கையும் தானாக உயரும். படம் எடுத்துப் போடுகிற பெரிய விரால்களில் நிறைய இப்படிப் பிடிபட்டதுதான். பெரியது போய்விட்டால் குஞ்சுகளை மற்ற மீன்களும் கொக்கும் தின்று தீர்த்துவிடும்.

இதை வைத்து எங்களுக்குள் நல்ல சண்டை. சம்மாந்துறை நண்பன் சொன்னது: பிடித்து, கொளுக்கியைக் கழற்றி, உடனே விடலாம், எதிர்முள் நசுக்கின கொளுக்கி என்றபடியால் காயம் சின்னது, குஞ்சம் மேலே சறுக்கிவிடுவதால் வாய் கிழியாது. வெளிநாட்டு வீடியோ எல்லாம் இதைத்தான் சொல்கின்றன. சரி என்று சாய்ந்தமருதுப் பெரியவரிடம் சொன்னோம். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தின்னாத மீன என்னத்துக்கு மனே புடிக்கிறீங்க?" என்று கேட்டார். மார்க்கத்தில் ஒரு சீவனை விளையாட்டுக்கு வதைக்கக் கூடாது என்றார். பசிக்குப் பிடி, அது ஹலால். விட்டு விளையாட அது என்ன பந்தா? அதே கிழமை வீரமுனையில் அம்மம்மாவிடமும் விசயம் போய்விட்டது. அவ பிள்ளையார் கதைக்காரி, வெள்ளிக்கிழமை மரக்கறி. "கறிக்கு ஒண்டு பிடி. இல்லாட்டிச் சும்மா கிடக்க விடு. உதென்ன பிடிக்கிறதும் விடுறதும்?" என்றா. இரண்டு ஊர், இரண்டு சமயம், வார்த்தைக்கு வார்த்தை ஒரே கேள்வி.

தேடிப் பார்த்தால் இது கிழடுகளின் கேள்வி மட்டும் இல்லை. சுவிற்சர்லாந்தில், விடுகிற எண்ணத்தோடு மீன் பிடிப்பதையே மிருகவதைச் சட்டம் தடுக்கிறது. சுவிஸில் இருக்கிற மாமாமாரிடம் கேட்டால் சொல்வார்கள். ஸ்கொட்லாந்துக்காரர் விடுவதை நாகரிகம் என்கிறார், சுவிஸ்காரர் குற்றம் என்கிறார், அம்மம்மா விசர் வேலை என்கிறா. எங்களுக்கு அம்மம்மாவின் பக்கம்தான் நியாயம் கூடவாகப் படுகிறது. விரால் எங்கட ஊர்களில் சும்மா மீன் இல்லை. வருத்தத்தில் கிடந்து எழும்பினவருக்கு, ஒப்பரேசன் செய்தவருக்கு விரால் ஆணம் வைத்துக் கொடுப்பார்கள். தேவைக்கு அது ஒரு மருந்து. அதைப் பிடித்துப் படம் எடுத்துவிட்டு விடுகிறது ஒருவகையில் வசதிக்காரனின் தர்மம்.

ஆகவே இப்போது இப்படி நடக்கிறோம். குஞ்சுக்கூட்டம் கண்டால் தடியைச் சுருட்டிக்கொண்டு வேறு வாய்க்காலுக்குப் போவது. பிடித்து விடுவதுகூட இல்லை, எறிவதே இல்லை. மற்ற நேரம் பிடித்தால் ஒன்று, கூடினால் இரண்டு, வீட்டுக்கு. அதோடு நிறுத்தம். சின்னது வந்து மாட்டினால் மட்டும் விடுவோம், அதற்குத்தான் எதிர்முள்ளை நசுக்குவது. இந்த ஏற்பாட்டில் நண்பனுக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை. "ரெண்டு பிடிச்சிட்டு ஏன் போகணும், அப்பத்தானே கடிக்கத் தொடங்குது" என்கிறான். அவன் சொல்வதிலும் உண்மை இருக்கிறது, அந்திப்பட்டால்தான் விரால் ஊக்கமாகக் கடிக்கும். ஆனால் அந்திப்பட்டால் வட்டைக்கு யானையும் வரும்.

யானைக்காக மட்டும் இல்லை, பொழுதுபட முன்னம் வீட்டுக்குப் போகவேண்டியதற்கு வேறு காரணமும் உண்டு. இரண்டு வீட்டிலும் தாய்மாருக்கு நாங்கள் தண்ணீர்ப் பக்கம் போவது பிடிக்காது. சம்மாந்துறை உம்மாவின் காரணம் புதிது. 2024 நவம்பர் 26, வெள்ளம் பாய்ந்துகொண்டிருந்த காரைதீவு மாவடிப்பள்ளி வீதியில் உழவு இயந்திரத்தில் வந்த மத்ரஸா மாணவர்களைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போனது. வீட்டுக்கு வந்துகொண்டிருந்த சம்மாந்துறைப் பிள்ளைகள். எங்களைவிடச் சின்னவர்கள். அன்றிலிருந்து எத்தனையோ நாள் மய்யித்து தேடின தண்ணீர் அது. அந்த இடத்தில் நாங்கள் தூண்டில் போடுவதில்லை, போடுகிறவரைக் கண்டதும் இல்லை. வீரமுனை அம்மாவின் காரணம் பழையது. 1990 ஆகஸ்ட் 12, ஊர்க் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். அவ அப்போது சின்னப்பிள்ளை. ஊரே வெளிக்கிட்டு அகதி முகாமில் கிடந்து, பிறகு திரும்பி வந்தது. அதே மாதம் 3ஆம் திகதி காத்தான்குடியில் பள்ளிவாசல்களுக்குள் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள் என்பதும் அவவுக்குத் தெரியும். ஆனால் வட்டையைப் பார்த்தால் அவவுக்கு விரால் ஞாபகம் வருவதில்லை. "ஆரோட போறாய்?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பா. நண்பனின் பெயரைச் சொன்னால் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "நேரத்துக்கு வா" என்பா. முதல் தடவை அவன் விராலை வாழையிலையில் சுற்றி எங்கட வீட்டுப் படலைக்குக் கொண்டுவந்தபோது அவதான் வாங்கினா. தேங்காய்ப்பால் விட்டு, பழப்புளி கரைத்துச் சமைத்து, ஒரு சட்டியில் அவனுக்கும் கொடுத்துவிட்டா. அதன்பிறகும் "ஆரோட போறாய்?" நின்றபாடில்லை.

இந்த ஊர்ப் பெயர்களைப் பாருங்கள். சம்மாந்துறை என்பது சம்பான்துறை, சம்பான் என்கிற வள்ளங்கள் வந்து அடைந்த துறை என்பார்கள். வீரமுனைப் பிள்ளையார் சிந்தாயாத்திரைப் பிள்ளையார். சீர்பாததேவி வந்த கப்பல் இங்கேதான் தட்டியது என்பது கோயில் கதை. இரண்டு ஊரும் தண்ணீரால் வந்து இறங்கின ஊர் என்றுதான் தங்களைச் சொல்லிக்கொள்கின்றன. இப்போது வள்ளமும் இல்லை, துறையும் இல்லை, வாய்க்கால்தான்.

மருதமுனைக்காரியைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. மூன்று பேரில் கட்டுகிறதில் அவள்தான் கெட்டி. தறி வீட்டில் வளர்ந்த விரல், நூலின் இறுக்கம் அவளுக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். எங்கட குஞ்சம் மூன்று மீனோடு பிரிந்துவிடும், அவள் கட்டினது இன்னும் பெட்டிக்குள் முழுசாக இருக்கிறது. ஆனால் வட்டைக்கு அவள் வந்ததில்லை. பொம்பிளைப் பிள்ளை வாய்க்காலோரம் தடியோடு நிற்பதை எந்த ஊரும் சும்மா பார்த்துக்கொண்டு போகாது. அபர்டீன் கடைப் பெண்ணின் கதையை அவளுக்குச் சொன்னபோது, "அவவாவது ஒரு நாள் ஆத்துக்குப் போய் எறிஞ்சிருப்பாவா?" என்று கேட்டாள். அதற்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை. இப்போது கரைப் பக்கம் யோசிக்கிறோம். மருதமுனைக் கடற்கரையில் விடியப்புறம் சனம் நடக்கும், பெண்களும் நடப்பார்கள், அவளின் வாப்பாவும் வருவார். அங்கே அன்ரெனாக் குஞ்சத்தை அலைக்கு அப்பால் எறிந்தால் பாரைக் குட்டி அடிக்கும் என்று பெரியவர் சொல்கிறார். வாப்பாவிடம் அவளே கேட்டுவிட்டாள். "பாப்பம்" என்றாராம். கடல் கொளுக்கியை வேகமாகத் துருவாக்கும், அதனால் ஒரு பக்கற் கூடவாக வாங்கி வைத்திருக்கிறோம். அவள் வெள்ளை இறகில், நீலச் சரிகை போட்டு ஆறு கட்டி முடித்துவிட்டாள்.